ஊர் சுற்றிய துவரைச் சோறு

ராதமேஸ் வண்டி ஓட்டுவார், நடக்க மாட்டார். லோமா அல்தா என்ற அந்த மலைக்கிராமத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முடி வெட்டிக்கொள்ள நாலு வீடு தள்ளியிருக்கும் கடைக்குப் போவதென்றாலும் தன் மினி பஸ்ஸைக் கிளப்பி, ஊர் நாய்களெல்லாம் எழுந்துகொள்ளும்படி ஹாரன் அடித்து, கடை வாசலை அடைத்தாற்போல் கொண்டுபோய் நிறுத்துவார். நடப்பது வண்டி இல்லாதவன் தலையெழுத்து என்பது அவர் கட்சி.

தார் ரோடு அவர் வீட்டு வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேலே மலைச்சரிவு முழுக்க வீடுகள்தான், போக வர சிமெண்ட் படிகள்தான். எல்லாவற்றுக்கும் உச்சியில் சர்ச். ராதமேஸ் கடைசியாக அந்தப் படிகளில் ஏறியது தன் கல்யாணத்தன்று. அதற்குப் பிறகு ஆண்டவனைப் பார்க்க வேண்டுமென்று தோன்றினால் வண்டிக்குள் தொங்கும் மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு வாய்த்தவள் நெரெய்தா. அந்த மலையில் அவள் கைப்பக்குவத்துக்கு முன்னால் நிற்க ஆள் இல்லை. காலையில் வாழைக்காயை வேகவைத்து வெண்ணெய் போட்டு மசித்து, மேலே வெங்காயம் தாளித்து, பொரித்த பாலாடைக்கட்டி, பொரித்த சலாமி, பொரித்த முட்டை. மதியம் சோறு, அவரைக் குழம்பு, கறி. சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி அவர் தட்டில் தனியாக வைப்பாள். ஞாயிற்றுக்கிழமையானால் சான்கோச்சோ. கோழி, ஆடு, மாடு, பன்றி என்று கிடைத்த கறியையெல்லாம் மரவள்ளி, சேப்பங்கிழங்கு, பரங்கிக்காயோடு போட்டு, குழம்பு கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை கொதிக்க வைப்பாள். ராதமேஸின் வயிறு வருஷா வருஷம் ஸ்டீயரிங்கை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்தது. சீட்டைப் பின்னால் தள்ளிப் போட்டார். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளினார். கடைசியில் பின்சீட்டில் உட்காருகிறவர்கள் முழங்காலை எங்கே வைப்பது என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

சண்டை பிடித்தது அவர்கள் மட்டுமில்லை, டாக்டரும்தான். ஓட்டுநர் சங்கத்தின் புது விதிப்படி மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் டாக்டர் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். அடிவாரக் கிளினிக்கில் இருந்த டாக்டர் யானிரிஸ், வயதில் ராதமேஸின் பஸ்ஸை விடச் சின்னவள். ரத்தக்கொதிப்பைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். கருவியில்தான் கோளாறோ என்று தன் கையிலேயே கட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"ராதமேஸ் ஐயா, இந்தப் பிரஷரையும் சர்க்கரையையும் வெச்சுக்கிட்டு உங்க கையில தள்ளுவண்டியக்கூட என்னால குடுக்க முடியாது. ஒரு பஸ் நிறைய ஜனத்த எப்படிக் குடுப்பேன்?"

"இருபத்தஞ்சு வருஷமா ஓட்டுறேன் டாக்டரம்மா. ஒரு கோழிகூட அடிபட்டதில்ல."

"கோழி தப்பிச்சிரும். நீங்க தப்பிக்க மாட்டீங்க. சோறு, கொழுப்பு, பொரிச்சது எல்லாத்தையும் நிறுத்துங்க. தினமும் நடங்க. சான் ஹுவான் திருவிழா முடிஞ்சதும் வாங்க, அப்போ பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்."

"நடக்கணுமா? என்கிட்டதான் வண்டி இருக்கே!"

டாக்டர் பெருமூச்சு விட்டாள். பிறகு அவரை வெளியே அனுப்பிவிட்டு நெரெய்தாவிடம் மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். சமையலைப் பற்றித்தான் திட்டுகிறாள் என்று ராதமேஸ் நினைத்துக்கொண்டார். வெளியே வந்த நெரெய்தாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

சங்கமும் திருவிழா வரைதான் தவணை கொடுத்திருந்தது. அதற்குப் பிறகும் டாக்டர் கையெழுத்துப் போடாவிட்டால் வண்டியின் சாவி மச்சான் குக்கீனுக்குப் போய்விடும். குக்கீன் நெரெய்தாவின் தம்பி. வளைவில் வேகத்தைக் கூட்டுகிறவன். இப்போதே அடிக்கடி வந்து, "சும்மா பாக்குறேன் மாமா" என்று சொல்லி ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். ராதமேஸுக்கு வயிறு எரிந்தது. அந்த வண்டியை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? டோமினோ ஆடத் தெரியும், அதுவும் தோற்கத்தான்.

அன்று மதியம் நெரெய்தா அவர் முன்னால் ஒரு தட்டை வைத்தாள். அதில் வேகவைத்த சௌசௌ இருந்தது. உப்பில்லை.

"இது என்ன?"

"என் கை விஷம்னு ஒரு சின்னப் பொண்ணு சொல்லிட்டா. சரி. இனிமே இந்த வீட்டுல நான் சமைக்கல, வேக வைக்கிறேன். அவ்வளவுதான்."

"அவ அப்படிச் சொல்லலியே..."

"தின்னு."

தின்றார். மறுநாளும் சௌசௌ. அடுத்த நாள் ஒரு மாறுதலுக்காகச் சௌசௌவோடு வேகவைத்த மீன். நெரெய்தாவும் எதிரில் உட்கார்ந்து அதையேதான் தின்றாள். ராதமேஸுக்கு நாக்கு செத்துப்போயிற்று. ஆனால் சட்டைக் காலர் தளர்ந்தது. பெல்ட்டுக்கு ஆணி வைத்துப் புது ஓட்டை போட வேண்டி வந்தது.

லோமா அல்தாவில் ஒருவன் இளைத்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள். மளிகைக் கடை வாசலில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த கூட்டாளிகள் அவரைக் கண்டதும் காய்களைக் கவிழ்த்து வைத்தார்கள். பாட்டை நிறுத்தச் சொல்லி ஒருவன் கடைக்காரனுக்குச் சைகை காட்டினான்.

"ராதமேசு, எங்ககிட்ட மறைக்காத. எந்த உறுப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. பத்தியம்."

"எங்க சித்தப்பாவும் சாகறதுக்கு முன்னாடி அப்படித்தான் சொன்னாரு." அன்றைக்கு அவரை ஜெயிக்க விட்டார்கள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

மறுநாளே பக்கத்து வீட்டு ஒந்தினா வந்துவிட்டாள். கையில் துணி போட்டு மூடிய தட்டு. கண்களில் துக்க வீட்டுக்கு வந்தவள் பாவனை. துணியை விலக்கினால் பச்சைத் துவரையும் ஆலிவ் காயும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பொங்கிய சோறு. அந்த வாசனை அடித்ததும் ராதமேஸின் கால்கள் தாமாகவே இரண்டடி முன்னால் போயின.

"சாப்பிடுங்க ராதமேஸ். என்ன ஆகுமோ, யாருக்குத் தெரியும்? இருக்கிற வரைக்கும் ருசியா சாப்பிடுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர் கரண்டியைத் தேடுவதற்குள் நெரெய்தா தட்டைக் கைப்பற்றிவிட்டாள். ஆனால் பிரச்சினை அதோடு தீரவில்லை. அந்த ஊரில் பக்கத்து வீட்டுத் தட்டு வெறுமனே திரும்பக் கூடாது. எதையாவது வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வெறுந்தட்டை அனுப்புகிறவளும் கதவைச் சாத்துகிறவளும் ஒன்று.

"சௌசௌவ வெச்சு அனுப்பேன்" என்றார் ராதமேஸ்.

நெரெய்தா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார். "சௌசௌவா? ஒந்தினாவுக்கா? அதுக்கு என்ன உயிரோட பொதைச்சிரு."

நல்லவேளையாக அதற்குள் படியின் நடுப்பகுதியில் இருக்கும் பசிலியா ஆட்டுக்கறி கொடுத்தனுப்பிவிட்டாள். ஓரிகானோ இலை போட்டு, காரம் தூக்கலாக வைத்த கறி. நெரெய்தா ஒரு நிமிஷம் இடுப்பில் கை வைத்து இரண்டு தட்டையும் பார்த்தாள். பிறகு கறியை ஒந்தினாவின் தட்டுக்கும், சோற்றைப் பசிலியாவின் தட்டுக்கும் மாற்றினாள். துணி போட்டு மூடினாள்.

"கொண்டு போய்க் குடுத்துட்டு வா."

"நானா?"

"உன் பேரச் சொல்லித்தான குடுத்தாங்க? எனக்கு முழங்கால் வலி. படி ஏற முடியாது."

நெரெய்தாவுக்கு முழங்கால் வலி என்று அதற்கு முன்னால் அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் பெண்டாட்டியின் முழங்காலைச் சந்தேகப்படுகிற அளவுக்கு அவருக்குத் தைரியமும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தார்.

முதல் நாள் பசிலியாவின் வீட்டைத் தொடுவதற்குள் பலமுறை உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது, வேர்வை தட்டின் துணியில் சொட்டியது. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து துணியை லேசாகத் தூக்கினார். ஒரே ஒரு வாய், யாருக்குத் தெரியப்போகிறது? தலையை நிமிர்த்திப் பார்த்தால் படியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு முகம். "ஐயோ பாவம், நோயாளி தானே தட்டைத் தூக்கிக்கிட்டு வர்றாரே" என்று ஒரு குரல். துணியை மூடிக்கொண்டு எழுந்தார்.

அந்தப் பரிதாபம் அவருக்கு வினையாகப் போயிற்று. செத்துக்கொண்டிருக்கிற மனிதர் நன்றி மறக்காமல் படியேறி வந்து தட்டைத் திருப்பிக் கொடுக்கிறார் என்ற செய்தி மலை முழுக்கப் பரவியது. மறுநாள் தட்டுகள் பெருகின. பன்றி வறுவல் வந்தது, கருவாட்டுக் கறி வந்தது, சோளப்பால் பாயசம் வந்தது. சர்ச்சுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் விதவை தியோதோரா, தன் எலும்பும் தோலுமான உடம்போடு, ஒரு கிண்ணம் மாட்டுக்கால் சூப்பு அனுப்பினாள். அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் சொன்ன சேதி: "கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க அவசரமில்லையாம். செத்த பெறகு குடுத்தாலும் போதுமாம்."

ஒவ்வொரு நாளும் மதிய ட்ரிப் முடிந்து வந்ததும் ராதமேஸுக்கு இதே வேலை. நெரெய்தா வாசலில் உட்கார்ந்து, சங்கத்துத் தலைவன் வண்டிகளுக்கு நேரம் குறிப்பதைப் போல, எந்த வீட்டுக் கறி எந்த வீட்டுத் தட்டுக்கு என்று பிரித்து வைப்பாள். அவர் ஏறுவார், இறங்குவார், மறுபடியும் ஏறுவார். ஒரு தடவையில் எல்லாவற்றையும் கொண்டுபோகிறேன் என்றால், "கொட்டிருவ" என்பாள். அந்த முழங்கால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் சர்ச்சுக்கு விறுவிறுவென்று ஏறியது. கேட்டதற்கு, "அது ஆண்டவன் ஏத்திவிடுறது" என்றாள்.

ராதமேஸுக்கு அவமானமாக இருந்தது. ஊரே வாய்க்கு ருசியாக அனுப்புகிறது, தனக்குக் கிடைப்பது மணம் மட்டும். ஆனால் நாளடைவில் திருப்பங்களில் உட்காருவதை அவர் மறந்துபோனார். பசிலியாவின் வாசலில் நின்று வம்பு பேசிவிட்டு அதே வேகத்தில் உச்சிக்குப் போனார். வண்டியில் சீட்டு முன்னால் வந்ததையும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குக்கீன்தான் இழுத்துப் போட்டிருக்கிறான் என்று நினைத்து அவனைத் திட்டினார்.

சான் ஹுவான் திருவிழா நெருங்கியபோதுதான் அந்த விபரீதம் நடந்தது.

அன்று காலையில் ஒந்தினா தன் துவரைச் சோற்றை அனுப்பினாள். நெரெய்தா அதைப் பசிலியாவின் தட்டில் வைத்து அனுப்பினாள். பசிலியாவுக்குப் பல்வலி. துவரையைக் கடிக்க முடியாமல் அதை அப்படியே மேலே தியோதோராவுக்குக் கொடுத்துவிட்டாள். தியோதோராவோ, தன்னைவிட மோசமான நிலையில் இருக்கிற ராதமேஸ் தின்னட்டும் என்று அதைக் கீழே அனுப்பினாள். நெரெய்தாவுக்கு அன்றைக்குத் தட்டுகள் அதிகம். அவசரத்தில் உற்றுப் பார்க்காமல், தியோதோரா அனுப்பிய சோற்றை ஒந்தினாவின் தட்டில் போட்டு மூடிவிட்டாள்.

ராதமேஸ் கொடுத்துவிட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒந்தினா வாசலில் நின்றாள். கையில் தட்டு.

"நெரெய்தா! வெளிய வா!"

நெரெய்தா வந்தாள்.

"கொட்டை எடுக்காம ஆலிவ் போடுறவ இந்த மலையில என்ன விட்டா யாரு? இது என் ஆலிவ், என் துவரை, என் தேங்காய்ப்பால்! காலைல நான் குடுத்த சோத்த சாயந்தரம் எனக்கே குடுத்து அனுப்பியிருக்க! அப்போ அன்னிக்கு வந்த ஆட்டுக்கறி? முந்தாநாள் வந்த வறுவல்? நான்கூட 'நெரெய்தா கைக்குக் கேக்கணுமா'ன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!"

ஜன்னல்கள் திறந்தன. படியில் போனவர்கள் நின்றார்கள். பசிலியா பல்வலியையும் மறந்து கீழே இறங்கி வந்தாள்.

"அந்த வறுவல் நான் வெச்சது" என்றாள் ஒருத்தி.

"கையாலாகாமப் போயிட்டா போலிருக்கு. அடுத்தவ சட்டியில பேர் வாங்குறா" என்றாள் இன்னொருத்தி.

நெரெய்தாவின் முகத்தில் ஈயாடவில்லை. ராதமேஸ் இத்தனை வருஷத்தில் அவள் பதில் சொல்லாமல் நின்று பார்த்ததே இல்லை. மீன்காரனோடு, சங்கத்துத் தலைவனோடு, பாதிரியாரோடு எல்லாம் வாய் கொடுத்து ஜெயித்தவள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்: டாக்டர் பத்தியம் போட்டிருக்கிறாள், இவர் எதையும் தின்னக் கூடாது. அதைக்கூடச் சொல்லாமல் நின்றாள். அவருக்கு மனசு கேட்கவில்லை.

"அவமேல தப்பில்ல. எனக்குத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு" என்றாள் நெரெய்தா. பிறகு ஒந்தினாவைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட வாங்க. தட்டு கொண்டு வர வேணாம்" என்றாள்.

திருவிழா முடிந்து வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் விறகு மூட்டி, கல்யாண அண்டாவை ஏற்றினாள். ஏழு கறி போட்ட சான்கோச்சோ. பசிலியா ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் பல்வலி போய்விட்டது என்றாள். தியோதோரா மூன்றாவது கிண்ணத்துக்கு நீட்டினாள். ஒந்தினா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே முதல் கிண்ணத்தை முடித்தாள். இரண்டாவதில் முகம் கொஞ்சம் இறங்கியது. கடைசியில் கரண்டியை நக்கிவிட்டு, "கை முடங்கல" என்று தீர்ப்புச் சொன்னாள்.

ராதமேஸ் ஒரு மூலையில் சௌசௌ தட்டோடு உட்கார்ந்திருந்தார். நெரெய்தா வந்து அவர் கையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போகணும்" என்றார்.

"தெரியும். தின்னு."

தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

மறுநாள் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். வெளியே குக்கீன் தலையை வாரிக்கொண்டு நின்றான். டாக்டர் யானிரிஸ் பிரஷரைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். கருவியைத் தன் கையில் கட்டிப் பார்த்தாள். ரத்தச் சோதனையின் முடிவையும் வாசித்தாள்.

"ராதமேஸ் ஐயா, என்ன சாப்பிட்டீங்க?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? "சௌசௌ. ஆனா நேத்து சான்கோச்சோ" என்றார். "ஏழு கறி."

"அது ஒரு நாள் கூத்து. நடந்தீங்களா?"

"இல்ல டாக்டரம்மா. பொய் சொல்ல மாட்டேன். நடக்க எங்க நேரம்? தட்டு குடுக்கறதுக்கே பொழுது சரியாப் போச்சு."

டாக்டர் சிரித்துவிட்டாள். ஜன்னலைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் மலையும் படிகளும் உச்சிச் சர்ச்சும் பளிச்சென்று தெரிந்தன. "தினமும் சாயந்தரம் இங்க உக்காந்து உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். மொதல்ல எறும்பு மாதிரி ஏறினீங்க. இப்போ ஆட்டுக்குட்டி. அன்னிக்கே உங்க மனைவிகிட்டச் சொன்னேன், எப்படியாவது இவர நடக்க வைங்க, இல்லன்னா சீக்கிரமே இழந்துருவீங்கன்னு. அழுதுட்டாங்க. அப்பறம் கண்ணத் தொடைச்சுக்கிட்டு, 'அவர நடக்க வைக்கிறது என் பாடு'ன்னாங்க."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். வெளியே குக்கீன் சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது ஒந்தினா வேலியோரம் நின்றாள். செய்தியைக் கேட்டதும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள்.

"சான்கோச்சோதான்! நான் அப்பவே சொன்னேன். ஒரே கிண்ணத்துல மனுஷன் எழுந்து நிக்கிறாரு பாரு. அடேயப்பா, மளிகைக் கடையில என் தோளப் புடிச்சுக்கிட்டு நெரெய்தா அழுத அழுகை என்ன! 'அவருக்கு நாள் நெருங்கிருச்சு ஒந்தினா, வாய்க்கு ருசியா நீங்களாவது ஏதாச்சும் குடுத்து அனுப்புங்க'ன்னா. அதனாலதானே நான் மொத தட்டு கொண்டு வந்தேன்."

ராதமேஸ் வேலியோரத்தை விட்டு நேரே வீட்டுக்குள் போனார்.

அடுப்படியில் நெரெய்தா தரையில் குந்தி உட்கார்ந்து கரி விசிறிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் சட்டென்று எழுந்தாள். அவர் சான்றிதழை நீட்டினார். அவள் கையெழுத்தை மட்டும் பார்த்தாள்.

"முழங்கால் எப்படி இருக்கு?" என்றார்.

"எந்த முழங்கால்?" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஊர் முழுக்க உன்னக் கேவலமாப் பேசினாங்களே, நெரெய்தா. அடுத்தவ சட்டியில பேர் வாங்குறான்னு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா தட்டு நின்னிருக்கும். தட்டு நின்னா நீயும் நின்னிருப்ப." அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் பேரு போனா ஒரு சான்கோச்சோ வெச்சு மீட்டுக்குவேன். நீ போனா நான் எத வெச்சு மீட்கிறது?"

அவள் இரண்டு தட்டு எடுத்தாள். ஒன்றில் அவருக்கு வேகவைத்த மீன், ஒரு கைப்பிடி சோறு, அதன் ஓரத்தில் ஒரு துண்டு காந்தல். இன்னொன்றில் கறி, குழம்பு, மேலே பொரித்த வாழைக்காய்த் துண்டுகள். அதைத் துணி போட்டு மூடி அவர் கையில் கொடுத்தாள்.

"தியோதோராவுக்கு. பாவம், காத்தடிச்சா விழுந்துருவா போல இருக்கா. குடுத்துட்டு வந்து சாப்பிடு. ஆறிரும், சீக்கிரம் வா."

ராதமேஸ் வாசலில் நின்ற மினி பஸ்ஸைத் தாண்டிப் படியில் ஏறினார். பாதி வழியில் ஒரு திருப்பத்தில் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, துணிக்கு அடியில் கையை விட்டு ஒரு வாழைக்காய்த் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

மேலே ஒரு ஜன்னல் படாரென்று திறந்தது.

"நெரெய்தா!" என்று பசிலியா மலை அதிரக் கத்தினாள். "உன் புருஷன் வழியிலயே திங்கிறாரு!"

கீழேயிருந்து பதில் வந்தது.

"திங்கட்டும்! அவருக்கும் சேர்த்துத்தான் வெச்சிருக்கேன்!"